ஊதும்மாவின் அறை

அந்த அம்மாவை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே பொந்து மாதிரி ஓர் அறை. பதினெட்டு வருஷமாக அதற்குள் உட்கார்ந்து, மூச்சில் வயிற்றுக் கிருமி தெரிகிறதா என்று பார்க்க வயிற்றுவலிப் பிள்ளைகளையெல்லாம் பையில் ஊதச் சொல்லிக்கொண்டிருப்பவள். ‘ஊதும்மா’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளிடம் கண்ணே மணியே என்பாள். பெற்றவர்களைக் கண்டால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. வயிற்றில் கிருமி என்று பதினான்கு நாள் மருந்து கொடுத்தார்கள். முடித்து ஒன்றரை மாதம் ஆகியும் வலி, வலி என்றாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். “அழுதாலும் வீட்டுக்கு அனுப்பாதீங்க” என்று டீச்சரிடமும் சொல்லிவைத்தேன். கிருமி போய்விட்டதா என்று ஊதிப் பார்த்தால் இவள் வண்டவாளம் தெரிந்துவிடும் என்றுதான் அழைத்துப் போனேன்.

“கடைசி ரெண்டு வாரத்துல அசிடிட்டி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?” ஊதும்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இல்லம்மா.”

மகளின் அழுகை தாங்காமல் தினமும் ஒன்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் திருப்பி அனுப்புவாள், இன்னொரு நாள் லீவு போகும்.

அவள் என் மகளிடம் குனிந்தாள். “தங்கம், காலையில எழுந்ததும் அப்பா என்ன தருவாரு?”

“ரோஸ் மாத்திரை.”

போச்சுடா!

“பொய் சொல்ல வெக்கமா இல்ல? அந்த மாத்திரை போட்டா கிருமி அடங்கிக் கிடக்கும். ஊதுனா ஒண்ணுமில்லன்னு வரும். அதைக் காட்டி இந்தப் பிள்ளையைத்தானே வாட்டி எடுப்பீங்க? ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்க. போங்க வெளியே!”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் மட்டும் விடுவேனா? “நீ என்ன பெரிய டாக்டரா?” என்று கத்திவிட்டு, நேரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன்.

மாத்திரை இல்லாத அந்த இரண்டு வாரமும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நடிப்பு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

மறுபடி போனோம். மகள் ஒரு பையில் ஊதினாள், மருந்துத் தண்ணீர் குடித்தாள், அரைமணி கழித்து இன்னொரு பையில் ஊதினாள். ரிசல்ட் வந்ததும் ஊதும்மா அதை என் மகள் கையில் கொடுத்தாள். “கிருமி இன்னும் இருக்குடா கண்ணு. வேற மருந்து குடுப்பாங்க, பயப்படாதே.” என் பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு கொழுப்பு.

வெளியே வந்ததும் மகள் அந்தத் தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள்.

“டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”