எங்கள் வீட்டு நம்பர், கஸ்தூரி அக்காவின் பி.பி. நம்பர்

எங்கள் செம்பாக்கம் வீட்டு போன் ரிசீவரில் எப்போதும் தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கும். எங்கள் வீட்டு எண்ணெய் மட்டும் இல்லை... தெருவில் பாதிப் பேரின் தலை எண்ணெய்!

அப்போதெல்லாம் போன் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்து நம்பரைக் கொடுத்து, பக்கத்திலேயே பி.பி. என்று எழுதிவிடுவார்கள். பேங்க் ஃபாரம், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் எங்கள் நம்பர்தான். போன் வந்தால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவது என் வேலை. எரிச்சலாக வரும்.

எதிர்வீட்டு கஸ்தூரி அக்காவுக்கு அவர் தங்கை தேவி போன் பண்ணுவாள். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டே போனவள். அவர்கள் அப்பாவுக்குத் தெரியாமல் அக்காவோடு பேச அவளுக்கு இருந்த ஒரே வழி எங்கள் போன்.

ஒரு கட்டத்தில் அந்த போன் வருவது நின்றுபோனது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

வருஷங்கள் ஓடிவிட்டன... போன வருஷம் எனக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. பழைய லைனில் நெட் ஆமை மாதிரி நகர்ந்தது. வேறு கம்பெனியில் கேட்டேன்.

"பழைய நம்பர் வராது மேடம், புதுசு குடுப்போம்" என்றார்கள்.

போனால் போகட்டும் என்று, தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைனே வேண்டாம் என்று சரண்டர் லெட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு எப்போதுமே அவசரம்!

இரண்டு நாள் கழித்து கஸ்தூரி அக்காவிடம் பெருமையாக இதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரக் கேட்டுடி குடுத்த?"

"எங்க வீட்டு நம்பர்தானேக்கா..."

"எனக்கும் அதான்டி நம்பர்! தேவிக்கு வேற எந்த நம்பர் தெரியும்?"

அக்கா அதுவரை என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. உள்ளே ஓடி ரிசீவரை எடுத்தேன். டயல் டோன் இல்லை.

அப்படியே ஆட்டோ பிடித்தோம். கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நகரவே இல்லை. அக்கா வாய்க்குள் அந்த நம்பரையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"சார், எங்க நம்பர வேற யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?"

கவுன்ட்டரில் இருந்த பெரியவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். வெகு நேரம் தட்டினார்.

"லைன் கட் ஆயிடுச்சும்மா. நம்பர் இன்னும் யாருக்கும் போகல. ஏம்மா சரண்டர்னு எழுதுனீங்க? எங்ககிட்டயே ஃபைபருக்கு மாத்தச் சொல்லியிருந்தா நம்பரும் கூடவே வந்திருக்குமே?" பிறகு அக்காவைப் பார்த்தார். "இவங்க யாரு, உங்க அக்காவா?"

"இல்ல சார்... பி.பி."

அந்தக் காலத்து மனிதர். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். "லெட்டர மாத்தி எழுதிக் குடுங்க. ட்ரை பண்றேன். ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த நாலு நாளும் போன் செத்தே கிடந்தது. அக்கா காலையும் மாலையும் வந்து ரிசீவரைக் காதில் வைத்துப் பார்ப்பார். வைத்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்தாம் நாள் ஃபைபர் இழுக்க ஆள் வந்தார். வேலை முடிந்ததும் அக்கா தன் மொபைலிலிருந்து அந்தப் பழைய நம்பரைப் போட்டார்.

மணி அடித்தது!

நான் பாய்ந்து எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதடி... கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."

அப்போது தெருவுக்கே ஒரு நம்பர். இப்போது ஆளுக்கு இரண்டு. யாரும் யாரையும் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியதில்லை. எங்கள் லேண்ட்லைனில் வருவதெல்லாம் 'லோன் வேணுமா சார்' கால்தான். எதற்கு இந்தத் தண்டம் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

தேவி இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிட்டால் மணி அடிக்கும்.