போர்த் தண்ணீரில் வேர்விட்ட வெங்காயம்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்தேன். அதில் நான் போட்ட ஒரு கையெழுத்தை நினைத்து இன்றும் கூசுகிறேன்.

வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி நசுக்கி, செல் பிரிவதை நுண்ணோக்கியில் பார்த்து வரைவது எங்கள் செய்முறை வகுப்பு. உண்மையில் எல்லோரும் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துத்தான் வரைவார்கள். நான் கண்டுகொள்வதில்லை. நல்லம்பள்ளிப் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் பிரியாத செல்களையே வரைந்துகொண்டு வந்தாள்.

"எங்கூரு போர்வெல் தண்ணியில வேர் வுட்டதுங்க சார். எத்தன தடவ பாத்தாலும் ஒண்ணுகூட பிரியலைங்க."

"சார்ட்ல நாலு நிலை இருக்குதில்ல? அத வரைஞ்சுட்டு வா."

"இல்லாதத எப்பிடிங்க சார் வரையறது?"

வகுப்பு சிரித்தது. அவளுடைய நுண்ணோக்கியை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படம் சரியாக இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாமல் தேர்வும் இல்லை என்றேன். மறுநாள் நான்கு நிலைகளையும் அழகாக வரைந்து வந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். செல் தன்போக்கில் பிரிந்துவிடுவதில்லை. கைனேஸ் என்னும் நொதிகள் துணைப் புரதங்களோடு சேர்ந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுமதி தரவேண்டும். தராவிட்டால் செல் அப்படியே காத்துக்கிடக்கும். எங்கள் மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் கலந்திருந்து பிள்ளைகளின் பல்லில் கறையேற்றும் ஃபுளோரைடு, நொதிகளின் வேலையையும் கெடுக்கக்கூடியது. அதைப் படித்ததும் அவள் வரைந்துவந்த பிரியாத செல்கள் நினைவுக்கு வந்தன.

அவள் ஊருக்கே போய்ப் போர்த் தண்ணீர் பிடித்துவந்தேன். அதில் ஒரு வெங்காயம், மழைத்தண்ணீரில் ஒரு வெங்காயம். சில நாளில் மழைத்தண்ணீர் வேரில் பார்த்த இடமெல்லாம் செல்கள் பிரிந்துகொண்டிருந்தன. போர்த் தண்ணீர் வேரில் தேடித்தேடி ஒன்றைக் கண்டேன். எந்த நொதி தடைபட்டது என்று என் நுண்ணோக்கி சொல்லாது. ஆனால் அவள் பார்த்தது உண்மை. எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் யாருமில்லை.

அவள் இப்போது அரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியை. போனில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா போதுங்களா சார்? எங்க பிள்ளைங்ககிட்டயும் வந்து சொல்லுங்க."

போனேன். அவள் வகுப்பின் முன் நின்று, பார்க்காமலே கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன்.

"அப்ப எங்க மேடத்துக்குப் பொய் வரைய சொல்லிக்குடுத்தது நீங்கதானுங்களா சார்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"ஆமாம்மா, நாந்தான்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. என் பழைய மாணவியும் சிரித்தாள். மேசை நெடுகத் தம்ளர்களில் வெங்காயங்கள்; ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப்பெயர். பிள்ளைகள் அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார்கள். நுண்ணோக்கி முன் வரிசை நீண்டது.

"சார், நீங்களும் லைன்ல நில்லுங்க," என்றாள் அவள்.

சித்தேரியிலிருந்து வந்த மாணவிக்குப் பின்னால் போய் நின்றேன்.