கரும்பலகையில் ஏறாத பெயர்

எங்கள் காலனி வாசலில், கிராமத்துச் சாலையைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை நின்றது. மராத்தி பேசும் சிஞ்ச்வட் நகரத்துக்கு வெளியே கரும்பு வயல்களை வாங்கிக் கட்டிய காலனி அது. தண்ணீர் வரும் நேரம், கரண்ட் போகும் நேரம், கல்யாணம், சாவு எல்லாம் அதில்தான் வரும். கிராமத்துக்காரர்களும் நின்று படித்துவிட்டுப் போவார்கள். சாக்பீஸ் காலனி செக்ரட்டரியின் சட்டைப்பையில் இருக்கும். எங்களைப் போல அவரும் தமிழர்தான். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆண்டுவிழா தோறும் அதே பலகையில் ஊர்ச் சரித்திரம் எழுதுவார். ‘நாங்கள் வந்தபோது இங்கே ஒன்றுமில்லை’ என்று ஆரம்பிக்கும். ஒன்றுமில்லையாம்! நிலத்தை விற்றவர்கள் எதிரே நின்று அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு டீ குடித்து, மராத்தியில் சண்டை போட்டுச் சிரித்த ஒரே காலனிக்காரர் என் அப்பா.

தொண்ணூறுகளில் ஒரு விடியற்காலை அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அழுத முகத்தோடு செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அவரு பேரையும் எடுக்கிற நேரத்தையும் எழுதிப் போடுங்கண்ணே. நாலு பேருக்குத் தெரியணும்ல.”

அவர் கதவைப் பாதிதான் திறந்தார். “வாடகைக்கு இருக்கறவங்க பேரெல்லாம் போர்டுல போடறதில்லம்மா. ரூல்னா ரூல்தான்.”

அன்று பலகையில் இருந்தது, யார் வீட்டுக் கிளியோ காணாமல் போன செய்தி. கிளிக்கு இருந்த மரியாதை என் அப்பாவுக்கு இல்லை. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து வந்த சிலர்தான் அவரைத் தூக்கிப் போனார்கள். கிராமத்து நண்பர்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து, ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டார்கள்.

பிற்பாடு நான் வேலைக்குப் போய் அதே காலனியில் வீடு வாங்கினேன். செக்ரட்டரியோ பிள்ளையின் தொழிலுக்காக வீட்டை விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருந்தார். அவர் இறந்தபோது பலகை என் பொறுப்பில் இருந்தது. அவர் மனைவி வந்து நின்றாள். ‘ரூல்னா ரூல்தான் மாமி’ என்று சொல்ல நாக்கு துடித்தது.

அம்மா முந்திக்கொண்டாள். “எழுதுடி. மேல உங்கப்பா பேரு. அதுக்குக் கீழ அந்தாளு.”

கொட்டை எழுத்தில், மராத்தியில் எழுதினேன். கிராமத்துப் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். மேல் வரியைப் படித்துக் கைகூப்பினார். கீழ் வரிக்கு அவர் நிற்கவில்லை.

மழை வந்து அழிக்கும்வரை அந்தப் பலகையைத் தொட அம்மா யாரையும் விடவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டு வந்தவர்களிடம், “வர்றப்ப வரும், போங்க” என்றாள்.