மெழுகுக்கட்டையும் ஏலக்காய் டப்பாவும்

போன வாரம் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலில் வந்து இறங்கியபோது என் கைப்பையில் என் கர்ப்பப்பை இருந்தது. முழுசாக இல்லை, நகத்தளவு ஒரு துண்டு. அதை ஒரு சின்ன மெழுகுக்கட்டைக்குள் பதித்து, அதிலிருந்தே மெல்லிசாகச் சீவி இரண்டு கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டி வளர்ந்துவிட்டதென்று பையையே எடுத்தாயிற்று. பரிசோதித்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் வந்துவிட்டது. "என்னைக்காவது தேவைப்படும்மா, பத்திரமா வச்சுக்கோங்க" என்று லேப்காரர் கவரை நீட்டினார். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே வந்தேன்.

வீட்டு வாசலில் என் நாத்தனார் நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக் கவனிக்க ராசிங்காபுரத்திலிருந்து வந்திருக்கிறாள். தங்கமான மனுஷி, ரசம் வைத்தால் தெருவே மணக்கும். கவரில் என்ன என்று கேட்டாள், சொன்னேன். ஓரடி பின்னால் போனாள்.

"மதினி, அத உள்ள கொண்டாராதீங்க. சாமி விளக்கு இருக்கிற வீடு. தீட்டுல்ல. கொல்லைல வச்சுருங்க."

தீட்டு. அந்த வார்த்தையைக் கேட்டால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு மூக்கில் ஒரு வாசனை ஏறும். ஈர ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசனை. முதலில் மூக்கைக் குளிரவைக்கும், கொஞ்ச நேரத்தில் தலையை வலிக்கவைக்கும். கூடவே கோபமும் வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கொஞ்சம்தான்.

அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடியுமுன் ஜீப்பு வந்து நிற்கும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை அடைத்துக்கொண்டு முந்தல் வழியாகப் போடி மெட்டு மலை ஏறும். பரீட்சை லீவில் நானும் தொற்றிக்கொள்வேன். மேலே இரண்டு விதமான சோலி உண்டு. ஒன்று காட்டில் காய் எடுப்பது. சரிவில் நாள் முழுக்கக் குனிந்து, மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுக்கிற சோலி. இன்னொன்று ஸ்டோரில். காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். ஒரு மூலையில் விறகு அடுப்பு, அதிலிருந்து சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள், மேலே கம்பிவலைத் தட்டுகள். உலர்ந்த காயைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. மழையில் நனைந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்துதான் தூங்குவாள். ஸ்டோர் சோலி கிடைத்த பிறகுதான் படுத்துத் தூங்கினாள். அதனால் அந்தச் சூடான தரையை அவள் கோயில் மாதிரி நினைத்தாள்.

கோயிலுக்குள்ள சட்டம் அங்கேயும் இருந்தது. மாதவிலக்கு வந்த பெண் ஸ்டோருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் காய் பச்சை மாறி மஞ்சளாகிவிடுமாம். மற்றவர்கள் காதில் விழ "தூரம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்கி வீட்டுக்கா போவார்கள்? காட்டுக்குத்தான். அதே நாளில் அதே கையால் அதே காயைப் பறிக்கலாம். பறிக்கிறபோது ஒட்டாத தீட்டு உலர்த்துகிறபோது மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டுமோ, இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

நான் அப்போது பத்தாவது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மொத்த வகுப்புக்கும் ஒரே மைக்ராஸ்கோப்பு. பல்குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டுப் பார்க்கச் சொன்னார் டீச்சர். பணியாரத்தைத் தட்டையாக அமுக்கி நடுவில் பொட்டு வைத்த மாதிரி நீலமாக ஏதோ மிதந்தது. "அதான் செல்லு. நடுவுல இருக்கிறது உட்கரு" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது என்று எழுத ஆசைதான். உண்மையில், பல் விளக்காமல் வந்துவிட்டோமே, எல்லாம் தெரியுமோ என்றுதான் பயந்தேன்.

அதற்குள் யாரோ மேஜையில் இடித்துக் கண்ணாடிகள் எல்லாம் கலந்துவிட்டன. காரில் வந்து இறங்கும் ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர் மகளுடைய கன்னம் எது, ஜீப்பில் தொங்கிப் போகிறவள் மகளான என் கன்னம் எது என்று தெரியவில்லை. டீச்சரே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வித்தியாசம் தெரியலடி, ஆளுக்கொண்ண எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஒரே மாதிரி செல்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால் திசு, திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு, உறுப்புகள் சேர்ந்தால் மண்டலம், எல்லா மண்டலமும் சேர்ந்தால் முழு உடல். சுவரில் படம் தொங்கியது. அம்புக்குறி போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் ஓர் ஆள் நிற்பான். ஆண்தான். இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் அவனுக்கு ஒன்றுமே இருக்காது, பாவம். இனப்பெருக்க மண்டலம் வந்தபோது டீச்சர் "இத வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பினார். வீட்டில் படி என்றால் நான் உண்மையிலேயே படித்துவிடுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கர்ப்பப்பையின் உள்புறம் மாதாமாதம் திசு வளர்கிறது, கரு தங்காவிட்டால் அது ரத்தத்தோடு உதிர்ந்து வெளியேறுகிறது. அவ்வளவுதான் சங்கதி. இதற்கா இத்தனை வருஷமாக மூலையில் உட்காரவைத்தார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்தக் காலாண்டு லீவில்தான் நடந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்க்காரர் தட்டை இறக்கினார். ஒரு தட்டு முழுக்க வைக்கோல் நிறம். சூடு கூடிவிட்டது என்று அங்கே இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். விறகைத் திணித்துவிட்டு அவர் டீக்கடைக்குப் போய் வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் அவர் மப்ளரை அவிழ்த்து உதறிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு தூரத்தோட உள்ள வந்தது?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அன்று இரண்டாம் நாள். அம்மாவுக்குத் தெரியும். என் தொடையை அழுத்திப் பிடித்தாள். என் வாய் சும்மா இருக்குமா?

"நான்தான். அதுக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம்? அது கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற திசு. கன்னத்துல சுரண்டுனா வருதுல்ல, அந்த மாதிரி செல்லுதான். ஒங்க வாயிலயும் இருக்கு."

கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பார்கள். நான் இப்போதும் அதையே சொல்வேன். அவருக்குக் கோபம் வந்தால் மலையாளம் வந்துவிடும். "மதி, மதி, போயிக்கோ", போதும் போ என்று என்னை வாசலுக்குத் துரத்திவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "மக படிச்ச திமிரப் பாத்தியா? நாளையிலருந்து நீ காட்டுக்குப் போ. இனி ஸ்டோர்ல ஒனக்குச் சோலி கெடையாது."

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றாள். நனைந்தால் ராத்திரி உட்கார்ந்துதான் தூங்குவாளே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் ஜீப்பு மலை இறங்கியது. பாதி வழியில் பேச்சியம்மா அத்தைதான் வாயைத் திறந்தார். எங்கள் தெருக்காரர், எந்தச் சண்டையையும் விலை கொடுத்து வாங்குகிறவர்.

"நாளைக்கு நானும் தூரம்" என்றார்.

"ஒனக்கு நின்னு அஞ்சு வருசமாச்சேக்கா" என்றது பின்சீட்டு.

"அவனுக்குத் தெரியுமா? வேணும்னா வந்து பாக்கச் சொல்லு."

ஜீப்பு குலுங்கியது. சிரிப்பில்தான். டிரைவர் காது கேட்காதவர் மாதிரி வளைவுகளையே பார்த்து ஓட்டினார். சிரித்து முடித்ததும் ஒருத்தி "நானும்" என்றாள், அப்புறம் இன்னொருத்தி. அம்மா மட்டும் "எனக்காக ஏன்டி நீங்க கெடுறீக" என்று அழுதாள்.

மறுநாள் ஸ்டோர் வாசலில் அத்தனை பேரும் நின்றோம். ஒருத்தி மாற்றி ஒருத்தி "தூரம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். ஸ்டோர்க்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், பொய் என்று சொல்ல வழியில்லை. எப்படிக் கேட்பார், யாரிடம் கேட்பார்? உள்ளே முந்தின நாள் காய் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, சூட்டோடு தேய்த்தால்தான் காம்பு உதிரும். வெளியே பச்சைக் காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பச்சைக் காயைச் சாக்கில் கட்டிப்போட்டால் அதுவே சூடேறிப் பாழாகும். சாயங்காலம் முதலாளி வருவார். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, மத்தியானம் அவர் வெளியே வந்தார்.

"வெரசா உள்ள வாங்க எல்லாரும்."

"தீட்டாச்சே அண்ணே?" என்றார் பேச்சியம்மா அத்தை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா நேத்து இவ மகளுக்கும் ஒண்ணுமில்ல. மொதல்ல இவள உள்ள கூப்புடுங்க."

அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நிஜமாகவே மாதவிலக்கு, எனக்கு மூன்றாம் நாள். நாங்கள் கொட்டி உலர்த்திய காய் கிளிப்பச்சையாக வந்தது. அன்றைக்கு அவர் டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் அந்த ஸ்டோரில் யாரும் யாரையும் தூரமா என்று கேட்டதில்லை. ஒரே மாதிரி செல்கள் சேர்ந்து ஒரே வேலை செய்தால் திசு என்ற வரி அப்போது நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பசிதான் இருந்தது. திசு நினைவுக்கு வர முப்பது வருஷம் ஆனது.

அன்றிரவு அம்மா படுத்துக்கொண்டே கேட்டாள். "என் கன்னத்தையும் அந்தக் கண்ணாடில வச்சுப் பாக்கலாமாடி?" கூட்டிப்போகிறேன் என்றேன். அதற்கு வேளையே வாய்க்கவில்லை.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. காயை உலர்த்தக் கேஸில் ஓடும் இரும்புப் பெட்டி வந்துவிட்டது, விறகுப் புகையும் போனது. பேச்சியம்மா அத்தை போய்விட்டார். மூச்சிரைத்து மூச்சிரைத்து அம்மாவும் போய்விட்டாள். மாதாமாதம் வந்துகொண்டிருந்ததும் நின்று, கடைசியில் பையும் போய்விட்டது. இத்தனையும் போன பிறகு அந்த ஒரு வார்த்தை மட்டும் போகாமல் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, அதுவும் ரசம் நன்றாக வைக்கிற ஒருத்தியின் வாயில்.

கொல்லைக்கா? நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். என் மகளை ஒன்பது மாதம் வைத்திருந்த பை அது. அலமாரியில் ஏலக்காய் டப்பாவைத் திறந்து, காயோடு காயாக மெழுகுக்கட்டையைக் கவரோடு சொருகி மூடினேன். நாத்தனார் வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் அந்த டப்பாவிலிருந்து இரண்டு காய் எடுத்துத் தட்டி டீ போட்டு அவளிடம் நீட்டினேன். டம்ளரை வாங்காமல் முதலில் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

காய் பச்சையாகத்தான் இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டாள்.