படிவத்தில் நான் எழுதிய பொய்

ஆசிரியர் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். "மென்பொருள் நிறுவனம், இரண்டு ஆண்டு" என்று எழுதிவிட்டேன். உண்மையில் பழவங்காடியில் ஒரு மாடியறை டிடிபி சென்டரில் ஆறு வருஷம் தமிழ் டைப் அடித்தேன். கல்யாணப் பத்திரிகை, வாடகைச் சீட்டு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள். தபால் வழியில் படித்ததும் அந்த நாளில்தான்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இணையப் பாடம் தயாரிக்கப் பன்னிரண்டு ஆசிரியர்களை ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்; அதற்கான படிவம்தான் அது. ஆறு பேரைத்தான் எடுப்பார்கள். காலையில் ஒவ்வொருவராகத் தங்கள் பழைய வேலையைச் சொன்னார்கள். ஒருவர் பொறியாளராக இருந்தவர். ஒருவர் வங்கியிலிருந்து வந்தவர். என் முறை வந்தது. எழுந்து அதே பொய்யை வாயாலும் சொன்னேன்.

பயிற்சியை நடத்தியவர் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாஃப்ட்வேர்ல இருந்தேளா? ரொம்ப நல்லதாப் போச்சு. மூணு மணிக்கு லைவ் கிளாஸ். கம்ப்யூட்டர் பக்கம் நீங்க பாத்துக்கோங்கோ."



இரண்டேகால் மணிக்குப் பாடத்தைத் தளத்தில் ஏற்றினோம். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் கட்டங்களுமாக நிறைந்து கிடந்தது. பொறியாளர் இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

"எனக்கொண்ணும் மனசிலாகல்ல. டீச்சரல்லே சாஃப்ட்வேர், நீங்க நோக்குங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வகுப்புக்காகவே சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கி வந்து காத்திருப்பதாக அவர்களுடைய ஆசிரியர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. யாரோ பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்; அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது இப்படித்தான் தெரியும். எழுத்தை மாற்றித் தரும் தளம் அந்தக் கட்டடத்து இணையத்தில் திறக்கவில்லை. அச்சுப் பிரதி நாலு பக்கம் மேஜையில் இருந்தது. வேறு வழியில்லை. விசைப்பலகையைப் பழைய தட்டச்சு முறைக்கு மாற்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தேன்.

கண் தாளில், விரல்கள் விசையில். மூன்றாவது பக்கத்தில் வங்கி சார் என் பின்னால் வந்து நின்றார்.

"டீச்சரே, இது சாஃப்ட்வேர் கையல்லல்லோ," என்று சிரித்தார். "டிடிபி சென்டர்ல அடிச்சுப் பழகின கையாக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். என் விரல்கள் நின்றுவிட்டன. பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். அதையும் சிரித்து மழுப்பியிருக்கலாம். முடியவில்லை.

"ஆமா சார். ஆறு வருஷம் அங்கதான் இருந்தேன்," என்றேன். "மேடம், ஃபாரத்துல நான் எழுதினது பொய்."

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

"முதல்ல இதை முடிங்கோ. குழந்தைகள் காத்துண்டிருக்கா."

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கடைசி வரியை அடித்தேன். வகுப்பு நடந்தது. திரையில் தமிழ் தெளிவாகத் தெரிந்தது. எனக்குத்தான் ஒன்றும் காதில் விழவில்லை.

எல்லோரும் போன பிறகு பேராசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"டைப் அடிச்சதுல என்ன கேவலம்? பொய் எழுதினதுதான் தப்பு. திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்கோ. செலக்ஷன் கமிட்டி என்ன சொல்லும்னு நேக்குத் தெரியாது."

எழுதிக் கொடுத்தேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் என் பஸ் இரண்டு போன பிறகும் ஏறத் தோன்றாமல் நின்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. ஆறு பேரில் நான் இல்லை. கீழே, காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக இருந்தேன். பட்டியலில் இருந்த பொறியாளர் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போனதும் ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை போன் அடிக்கும்போதெல்லாம் அவர்கள்தானோ என்று பள்ளிக்கூட வராந்தாவுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.