சீத்தாப்பழமும் கிணற்றுச் சுவரும்

சீத்தாப்பழத்தை விடாமல்தான் நான் உடம்பைக் குறைத்தேன். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கிணற்றில் இறங்கி ஏறியது நான்.

எனக்குத் தொழில் மோட்டார் ரிப்பேர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பெரம்பலூரில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டப் பழகி, கல்யாணத்துக்குப் பிறகு தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கியவை. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். மோட்டாரை மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்காது. அதனால் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் ஒரு மேடை கட்டி அதில் வைத்திருப்பார்கள். அங்கே போவதற்குச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படி. பிடித்துக்கொள்ளக் கம்பி எதுவும் கிடையாது. சுவரைப் பார்த்தபடி, நெஞ்சு சுவரில் ஒட்ட, காலால் அடுத்த கல்லைத் துழாவி இறங்க வேண்டும்.

நெஞ்சு ஒட்ட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு நெஞ்சுக்கு முன்னால் வயிறு போய் ஒட்டியது. வயிறு சுவரில் இடித்தால் உடம்பு பின்னால் சாயும். பின்னால் வெறும் கிணறு.

சின்ன வெங்காயம் போட்டிருந்த ஒரு விவசாயியின் கிணற்றில் அது நடந்தது. பாதி இறங்கியிருந்தேன். கால் வைக்க வேண்டிய கல் கண்ணுக்குத் தெரியவில்லை, வயிறு மறைத்தது. கால் தவறியது. பக்கத்தில் ஓடிய இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினேன். மாடு கட்டும் கயிற்றைக் கீழே இறக்கி, நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்தார்கள்.

“கல்லு மூட்ட தோத்துச்சு போ” என்றான் கயிறு இழுத்தவர்களில் ஒருவன்.

விவசாயியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏதாச்சும் ஆயிருந்தா ஒங்க பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?”

விவசாயி நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். “இனிமே நீங்க மேல நின்னு சொல்லுங்க. எறங்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்குறேன்.”

கிணற்றுக்கு மேலே நிற்கும் மெக்கானிக்கை யாரும் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. சீக்கிரமே வேறொரு இளவட்ட மெக்கானிக்கின் சைக்கிள் நான் போகும் தோட்டங்களுக்கெல்லாம் போக ஆரம்பித்தது. உடம்பு குறையாவிட்டால் என் தொழில் போனதுதான்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, “இனிப்பக் கொறைங்க, சோத்தக் கொறைங்க, எட எறங்கும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை என் மச்சான் சொன்னார்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். டவுனில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவதால் எங்கள் வீட்டில் பாதி டாக்டர் அவர்தான்.

“மாப்ள, டாக்டரு இனிப்புன்னாரு. இனிப்புன்னா என்ன? சக்கர. பழத்துல என்ன இருக்கு? அதும் சக்கரதான். சீத்தாப்பழம் இருக்கே, அது சக்கரப் பொட்டலம். அதத் தொட்டீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். யாரிடமும் எதிர்த்துப் பேச வாய் வராது. வேண்டாம் என்ற சொல் தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும். வேலைக்குப் போகும் வீட்டில் டீ கொடுத்தால் குடிப்பேன். வேலை முடிந்ததும் இன்னொன்று கொடுப்பார்கள், அதையும் குடிப்பேன். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் டீ என்றால் நாலு வாய்தான், ஆனால் பாகு மாதிரி இருக்கும். சர்க்கரை குறைந்தால் அந்த வீட்டுக்கு மரியாதை குறைவு. சாப்பிடுகிற நேரமாக இருந்தால் இலை போட்டுவிடுவார்கள். எழுந்திருக்கப் போகும்போது இன்னொரு கரண்டி சோறு விழும். அதற்கும் தலையை ஆட்டுவேன்.

பழத்தை நிறுத்தினேன். கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. ஆவணி, புரட்டாசியில் பச்சைமலை அடிவாரத்திலிருந்து பெண்கள் கூடை கூடையாகச் சீத்தாப்பழம் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் வைப்பார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

சாமான் வாங்க அரியலூர் போகும்போதெல்லாம் ரயிலடியில் இருந்த எடை மெஷினில் ஏறிக் காசு போடுவேன். சக்கரம் சுற்றி, விளக்கு எரிந்து, அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் பலன். நல்ல காலம் பிறக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் போட்டிருந்தது. எடை மட்டும் மாறவில்லை.

“நீங்க ஒளிச்சு வச்சுப் பழம் திங்கிறீங்க” என்றார் மச்சான்.

கிணற்று வேலை குறைந்ததால் லப்பைக்குடிக்காட்டில் வீட்டு மோட்டார்களைப் பார்க்கப் போனேன். அங்கே மோட்டார் தரையிலேயே இருக்கும், இறங்க வேண்டியதில்லை. மகன் துபாயில் இருக்கும் ஒரு வீட்டில், வயதான அம்மா ஒருவர் டீயை நீட்டினார். என்ன தோன்றியதோ, “டாக்டரு இனிப்பு வேணாம்னுட்டாரும்மா” என்று சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“அதுக்கென்ன தம்பி, இதக் குடிங்க” என்று பெரிய கண்ணாடித் தம்ளர் நிறைய ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார். “மவன் அனுப்புனது. பழம்தான். டின்னுல படத்தப் பாருங்க.”

டின்னில் பாதியாக அறுத்த ஆரஞ்சு, பனி சொட்டச் சொட்ட இருந்தது. பழம் எனக்கு ஆகாது என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு மச்சானிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “அது ஃபாரின் பவுடரு மாப்ள. நோயாளிக்கே குடுப்பாங்க. தாராளமா குடிங்க.”

தாராளமாகக் குடித்தேன். அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அதே டின் இருந்தது. ஒரு நாள் அந்த அம்மா சரியாகக் கலக்காமல் கொடுத்துவிட்டார். தம்ளரின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சீனி உட்கார்ந்திருந்தது.

“இதுல சீனியாம்மா?”

“பவுடர்லயே சீனி இருக்கு தம்பி. ஒங்களுக்குன்னு நான் மேக்கொண்டு ரெண்டு கரண்டி போடுவேன். இரும்பத் தூக்குற ஆளு, தெம்பு வேணாமா? அல்லா ஒங்களுக்கு நல்ல உடம்பக் குடுக்கட்டும்.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. மரத்தில் பழுத்ததை விட்டுவிட்டு, டின்னில் படம் போட்டதைக் குடித்திருக்கிறேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூடைக்காரியிடம் நின்றேன். கண் விரிந்த சீத்தாப்பழம் இரண்டு வாங்கி, அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து தின்றேன். சீத்தாப்பழத்தை அவசரமாகத் தின்ன முடியாது. பிளக்க வேண்டும். ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டு, விதையைச் சுற்றியிருக்கும் சதையை நாக்கால் உருவி, விதையைத் துப்ப வேண்டும். இரண்டு பழம் முடிவதற்குள் நான் போக வேண்டிய பஸ் போய்விட்டது. வாய் களைத்துவிட்டது. மத்தியானம் வரை பசிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எத்தனை டீ குடித்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். டீ தொண்டையில் இறங்குவதே தெரியாது. குடித்த பிறகும் பசி அப்படியேதான் இருக்கும்.

அன்றிலிருந்து டீயை விட்டேன், இரண்டாம் கரண்டிச் சோற்றை விட்டேன். பழத்தை எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மச்சான் வந்தார். தட்டில் அதிரசமும் முறுக்கும். பக்கத்தில் என் மனைவி எனக்காக வாங்கி வைத்திருந்த சீத்தாப்பழம். அவர் பழக்கூடையைத் தூக்கி என் கைக்கு எட்டாமல் நெல் மூட்டைமேல் வைத்தார். அதே கையால் ஒரு அதிரசத்தை எடுத்து நீட்டினார். “நாளும் கிழமையுமா ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க மாப்ள. ஒண்ணும் பண்ணாது.”

“வேணாம் மச்சான்.”

வீடே என்னைப் பார்த்தது. அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னேன். எழுந்துபோய் நெல் மூட்டைமேல் இருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு பழத்தைப் பிளந்தேன்.

“வெல்லப்பாகுல மாவக் கொட்டி எண்ணெயில போட்டது ஒண்ணும் பண்ணாது. மரத்துல தொங்குனது என்னைக் கொன்னுடுமா?”

“ஏங்க, அண்ணன்கிட்டயா இப்படி?” என்றாள் மனைவி.

“சக்கர சக்கரதான் மாப்ள. மரத்துல இருந்தா மட்டும் கசக்குமா?” என்றார் மச்சான். அவர் காது சிவந்திருந்தது.

“கசக்காது. இனிக்குது. ஒங்க அதிரசத்த நான் நாலு நிமிசத்துல நாலு முழுங்கிடுவேன். இதுல நாலு தின்னு காட்டுங்க, பாப்போம்.”

அவர் தின்று காட்டவில்லை. கோபித்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டார். தங்கையிடம், “பழம் தின்னு எளைச்சவன் ஊர்ல ஒருத்தன் இருந்தா காட்டச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

காட்டத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பழத்தில் சர்க்கரை இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. நாக்கு பொய் சொல்லாது. அளவும் உண்டு. மாம்பழ மாதத்தில் சோற்றுக்குப் பதிலாகத் தின்னாமல், சோற்றுக்கு மேலே தின்றேன். அரியலூர் மெஷின் உடனே காட்டிக்கொடுத்தது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்கவே வேண்டாம், டாக்டரைக் கேட்கட்டும். நான் சொல்வது என் உடம்பின் கதை. என்னைப் பெருக்க வைத்தது பழம் இல்லை. பழத்தைப் பிடித்துத் திருடன் என்று கட்டிப்போட்டுவிட்டு, உண்மையான திருடனுக்கு வேளாவேளைக்குத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு குடித்தேன்.

ஒரு நாளில் குறையவில்லை. சீத்தாப்பழக் காலம் முடிந்தது, கொய்யா வந்தது, வெள்ளரிப்பழம் வந்தது. வேட்டியைச் சுற்றிக் கட்டும்போது அதன் நுனி நீண்டுகொண்டே போனது. அட்டையில் எடை இறங்கியது. பலன் பக்கத்தை நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வருஷம் மாம்பழம் முடிந்து, அதில் ஏறிய எடையும் இறங்கிய பிறகு, அந்த வெங்காயக்காரர் என்னைத் தேடி வந்தார். மோட்டார் நின்றுபோய் வயல் வாடிக்கொண்டிருந்தது. இளவட்ட மெக்கானிக் வெளியூர் போயிருந்தான்.

“எறங்க வேணாம், மேல இருந்தே என்னன்னு சொன்னீங்கன்னாப் போதும்” என்றார். கையில் கயிறு வைத்திருந்தார்.

செருப்பைக் கழற்றினேன். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன், வீம்புக்குச் சாக எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதில் தொங்கவில்லை. முதல் கல், இரண்டாவது கல். சுவரின் குளிர்ச்சி நெஞ்சில் பட்டது. சட்டைக்குள் பாறையின் சொரசொரப்பு தெரிந்தது. குனிந்து பார்த்தேன். என் கால் தெரிந்தது, அதற்குக் கீழே அடுத்த கல் தெரிந்தது.

ஒரு வயர் கருகியிருந்தது. மாற்றினேன். குழாய் உறுமித் தண்ணீர் மேலே போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஏறி வந்தேன்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். “வேணாங்க” என்றேன். வாய்க்கால் ஓரத்தில் நின்ற பப்பாளி மரத்தைக் காட்டினேன்.

“பழத்துல சக்கரையாமே? ஒங்க மச்சான் மருந்துக் கடையில எல்லார்கிட்டயும் சொல்றாரு” என்றார் அவர்.

“இருக்குங்க” என்றேன். “நல்லாப் பழுத்ததாப் பாத்துப் பறிங்க.”