காற்றை நம்பிப் போட்ட மேசை

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் கிறகோரி அண்ணை தான் உடுத்திருக்கும் சாரத்தின் கரையிலிருந்து ஒரு நூலை உருவுவார். அதை இரண்டு விரலால் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். குப்பைக்கு நெருப்பு வைப்பதென்றாலும் அப்படித்தான். கூரைத் தகரத்துக்கு ஆணி அடிப்பதென்றாலும் அப்படித்தான். எங்கள் ஐயா குருநகரில் கடலுக்குப் போனவர். அவரிடமிருந்து வந்த பழக்கம். அண்ணையின் சாரங்களெல்லாம் ஒரு பக்கக் கரை பிய்ந்தே இருக்கும். தோய்க்கிறவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

அண்ணை கடலுக்குப் போனது மூன்று வருடந்தான். பிறகு பேருவளையில் ஒரு கல் பட்டறையில் பதினெட்டு வருடம் வேலை செய்தார். நீலக்கல், புஷ்பராகம் எல்லாம் அவர் கையால் பட்டை தீட்டப்பட்டு எங்கெங்கோ போயின. அவருக்கும் கலியாணம் அமையவில்லை, எனக்கும் அமையவில்லை. ஐயாவும் அம்மாவும் போன பிறகு நான் வீட்டில் தனியாக இருந்தேன். 2017ஆம் ஆண்டு பட்டறை முதலாளி தொழிலை நிறுத்தினார். அண்ணை ஒரு உடுப்புப் பையோடும், பழைய துவாயில் சுற்றிய கல் அரைக்கும் ஆறு வட்டச் சில்லுகளோடும் வந்து இறங்கினார்.

"இனி வீட்டிலை இருந்து செய்யிறன், பிள்ளை. ஐயாவின்ரை வலை அறை சும்மாதானே கிடக்கு" என்றார்.

வலை அறையைப் பட்டறையாக்க இரண்டு மாதம் எடுத்தது. உக்கிப்போன வலைகளை வெளியே போட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். வேப்பம் பலகையில் ஒரு மேசை செய்தார். பழைய தண்ணீர்ப் பம்பின் மோட்டாரை வாங்கிவந்து மேசைக்குக் கீழே பூட்டி, நாடா போட்டு மேலே சில்லைச் சுழல வைத்தார். சில்லைச் சுற்றித் தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்ரிக் கலனைப் பாதியாக வெட்டி மாட்டினார். சுவரில் ஆணி அடித்து ஒரு வெறும் சேலைன் போத்தலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். அதன் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சில்லின்மேல் தண்ணீர் விழும். உருக்கிய அரக்கில் கல்லை ஒட்டிப் பிடிக்க ஒரு கட்டு மூங்கில் குச்சிகள். ஒரு ஸ்பிரிட் விளக்கு. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த இரண்டு மாதமும் அவர் விசிலடித்துக்கொண்டே திரிந்தார்.

நீலக்கல் வாங்க எங்களிடம் வசதி இல்லை. கண்ணாடிபோன்ற படிகப் பளிங்குக் கல்தான் வாங்கினார். கோயில் திருவிழாக்களில் செபமாலைக் கடை போடும் லவீனா என்ற பெண், பளிங்கு மணியில் செபமாலை செய்து தரச் சொல்லியிருந்தாள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் விரும்பி வாங்குவார்களாம். அண்ணை முதல் மணியை அரைத்துத் தண்ணீரில் நனைத்து என்னிடம் காட்டினார். கண்ணீர்த்துளிபோல இருந்தது.

"நல்ல வடிவா இருக்கு" என்றேன்.

"ஈரத்திலை எல்லாக் கல்லும் வடிவுதான். காய்ஞ்ச பிறகு சொல்லு."

காய்ந்த பிறகு அது சீனிக்கட்டிபோல மங்கிவிட்டது. அதை மினுக்கி எடுக்க அவருக்கு இன்னும் அரை நாள் பிடித்தது.

வேலை நன்றாகத்தான் ஓடியது. தண்ணீர்தான் சிக்கல். எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். ஒரு கிழமைக்குள் மோட்டார் துருப்பிடித்துச் சத்தம் போடத் தொடங்கியது. ஒருமுறை சொட்டின தண்ணீரைத் திருப்பி விடவும் முடியாது, அதிலிருக்கும் கல்தூள் மணியைக் கீறிவிடும் என்றார். ஆகவே நாள் ஒன்றுக்கு இரண்டு கலன் நல்ல தண்ணீர் அந்தச் சில்லுக்கு வேண்டும். வீட்டுக்கு இரண்டு கலன். ஆக நாலு.

ஒழுங்கை முகப்பில் இருந்த பொதுக் குழாயில் காலையில் ஒரு மணித்தியாலம் தண்ணீர் வரும். அந்த வரிசையில் பெண்கள்தான் நிற்போம். ஆண்கள் யாரும் வந்து நின்றால் ஊர் சிரிக்கும். எனக்கு அந்த வரிசை எப்போதும் பயம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் பார்க்க நின்றாலே நாக்கு ஒட்டிவிடும். ஆளுக்கு இரண்டு கலன் என்பது அங்கே எழுதாத சட்டம். நான் நாலு கலனோடு போவேன்.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா மாமி எட்டு நாள் பொறுத்தா. ஒன்பதாம் நாள் வாய் திறந்தா.

"எடி பிள்ளை, உன்ரை கொண்ணை கல்லைக் குளிப்பாட்டிறாராம், மெய்யே?"

நான் கலனைக் குழாய்க்குக் கீழே வைத்தேன்.

"நல்லது. அப்ப எங்கடை பிள்ளையளைக் கடலிலை குளிக்க விடுறம். கல்லுத்தானே முக்கியம்."

வரிசை முழுவதும் சிரித்தது. பின்னால் நின்ற ஒருத்தி, "கல்லுக்குச் சவுக்காரமும் போடுறவரோ, கேளுங்கோ மாமி" என்றாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. காலையில் அப்படி ஏதாவது சொல்லிச் சிரிப்பதுதான் அந்த வரிசையின் வழக்கம். வேறொருத்தியாக இருந்தால் திருப்பி இரண்டு சொல்லியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். நான் இரண்டு கலனை நிரப்பிக்கொண்டு, மற்ற இரண்டையும் வெறுமையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணை வெறும் கலன்களைப் பார்த்தார்.

"என்ன, தண்ணி வரேல்லையோ?"

"குறைவாத்தான் வந்தது. இனி ரண்டு கலன்தான் கிடைக்குமாம்."

அது பொய். அன்று தண்ணீர் பீறிட்டு வந்தது.

அவர் வாசலுக்குப் போனார். பிறகு நூலை உருவித் தூக்கிப் பார்த்தார். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நல்ல வேகமாக வீசிக்கொண்டிருந்த காலம் அது. வலை அறைக்கு எதிரெதிராக இரண்டு யன்னல்கள். மேசையை இழுத்து நடுவில் போட்டார். முதுகு தென்மேற்கு யன்னலுக்கு, முகம் வடகிழக்கு யன்னலுக்கு.

"உருட்டி எடுக்கிறதைத் தண்ணி இல்லாமல் காய அரைப்பன். பின்னாலை வாற காத்து தூசியை அள்ளிக்கொண்டு அந்த யன்னலாலை போயிடும். மினுக்கிறதுக்கு மட்டும் தண்ணி. அதுக்கு ஒரு போத்தல் காணும்" என்றார். "வாடை தொடங்க மேசையைத் திருப்பிப் போட்டாச் சரி. வருசத்துக்கு ரண்டு தரம்."

கெட்டிக்காரத்தனமான வேலை செய்துவிட்டதாக அவருக்குச் சந்தோஷம். கடலில் பின்னால் வரும் காற்று நல்ல காற்று; பாயை நிரப்பி வள்ளத்தைக் கொண்டுபோகும். கடற்கரையில் பிறந்த எவரும் மேசையை அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தது அடுப்புக் காற்று. திருநாளுக்கு முற்றத்தில் கல் வைத்துப் பெரிய பானையில் சமைக்கும்போது, காற்று முதுகில் பட நின்றால் புகை அப்பால் போகாது. ஆளைச் சுற்றி வந்து முகத்துக்கு நேரே நின்று சுழலும். பக்கவாட்டில் நின்றால்தான் தப்பலாம். இது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அண்ணையின் சட்டைகளைத் தோய்க்கும்போது அதைக் கண்டேன். சட்டையின் முதுகுப் பக்கம் வெறும் வியர்வை. முன்பக்கம் வெள்ளையாக விறைத்திருக்கும். வேலை முடித்து வெளியே வரும்போது அவருடைய புருவமும் மூக்குத் துவார மயிரும் மா பூசினதுபோல இருக்கும். பிடரியில் ஒரு பொட்டுத் தூசி இராது.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னேன். "அண்ணை, மேசையைக் கொஞ்சம் பக்கவாட்டா வைச்சால் என்ன?"

"ஏன்?"

"முன்னுக்குத்தான் தூசி நிக்குது போலை கிடக்கு."

அவர் சிரித்தார். "குசினிக்குள்ளை இருந்துகொண்டு நீ எனக்குக் காத்துப் படிப்பிக்கிறியோ?"

பகிடியாகத்தான் சொன்னார். அதற்குமேல் நான் கதைக்கவில்லை. கதைத்தால், காற்று வேண்டாம், தண்ணீரே விட்டு அரையுங்கோ என்று சொல்லவேண்டி வரும். தண்ணீருக்கு எங்கே போவது என்று அவர் கேட்பார். அப்போது நான் சொன்ன பொய்யை ஒத்துக்கொள்ளவேண்டி வரும். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இப்படி நாலு வருடம் போயிற்று. ஊரெல்லாம் மாஸ்க் போட்ட காலத்தில் அவரும் சந்திக்குப் போகும்போது போட்டார். அறைக்குள் வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். மூக்குக்கண்ணாடியில் ஆவி பிடிக்கிறதாம். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து கிடக்கும் நாட்களில் தூசி அறைக்குள்ளேயே நிற்கும். யன்னலால் வரும் வெயிலில் அது மினுங்குவதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

இருமல் வந்தது. சுக்கும் மல்லியும் அவித்துக் கொடுத்தேன். எங்கள் கோயிலில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் பாடுகளை இராகம் போட்டு நீட்டி வாசிப்பார்கள். ஒரு வரியை ஒரே மூச்சில் கொண்டுபோக வேண்டும். அண்ணை பேருவளையிலிருந்த காலத்திலும் அதற்கென்று லீவு எடுத்து வருவார். 2022இல் ஒரு வெள்ளிக்கிழமை, நீண்ட வரி ஒன்றின் நடுவில் அவருடைய குரல் நின்றுவிட்டது. மறதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்றவர் அந்த இடத்திலிருந்து எடுத்து வாசித்தார். பெண்கள் பக்கத்தில் முழந்தாளில் இருந்த எனக்கு, அவருடைய தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது.

டொக்டரிடம் போனோம். சளியைச் சோதித்தார்கள், சயரோகம் இல்லை. பிறகு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன வேலை செய்யிறியள், ஐயா?"

"கல்லு அரைக்கிறன். செபமாலை மணி."

"என்ன கல்லு?"

"பளிங்கு."

"தண்ணி விட்டுத்தானே அரைக்கிறது?"

அண்ணை ஒரு தரம் இருமினார். "பேருவளையிலை அப்படித்தான், டொக்டர். இஞ்சை எங்கடை பக்கம் தண்ணிக்குக் கஷ்டம். தங்கச்சிதான் குழாயடியிலையிருந்து காவிறவள். பாவம், அவளும் எவ்வளவைக் காவிறது?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"உள்ளை போன தூள் திரும்பி வராது. இனிப் போகாமல் பாக்கலாம், அவ்வளவுதான். உந்த வேலையை இண்டைக்கே விடவேணும்" என்றார் டொக்டர்.

அண்ணை விட்டார். லவீனாவுக்குக் கொடுக்கவேண்டிய செபமாலைகளில் மூன்று குறைந்தன. இருக்கிறதைக் கொண்டுபோகட்டும் என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபோது சொன்னேன். குழாயடியில் அவர்கள் சிரித்ததைச் சொன்னேன். அன்றைக்குத் தண்ணீர் நிறைய வந்ததைச் சொன்னேன்.

அவர் கதிரையில் நிமிர்ந்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்.

"செபஸ்தியம்மா என்ன சொன்னவ?"

"நீங்கள் கல்லைக் குளிப்பாட்டிறியளாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. அது அடங்கிய பிறகு சொன்னார்: "அதை விடு. நீ நாலு கலன் கொண்டு வந்திருந்தாலும் நான் காத்தைத்தான் நம்பியிருப்பன்."

அது உண்மையில்லை. பதினெட்டு வருடம் ஒரு கல்லையும் அவர் காய அரைத்ததில்லை. மேசை பூட்டின கையோடு சேலைன் போத்தலுக்கு ஆணி அடித்த மனிதர் அவர். அந்த வார்த்தையை எனக்காகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அது தெரிவதால் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் மோட்டாரை விற்றோம். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து ஜெயதீபன் என்ற ஒருவர் ஓட்டோவில் வந்தார். முப்பது வயதிருக்கும். அண்ணை உள்ளே படுத்திருந்தார். அந்நிய ஆம்பிளையோடு நான் முன்னே நின்று கதைப்பதில்லை. அன்று அவர் மோட்டாரைத் தூக்கி ஓட்டோவில் வைத்ததும் வாசல் படலையடிவரை போனேன்.

"தம்பி, இதைத் தண்ணி விடாமல் ஓட்டாதேங்கோ. காய அரைச்சால் தூள் நெஞ்சுக்குள்ளை போயிடும்."

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "என்னத்தை அரைக்கிறது, அக்கா?"

"கல்லு."

"ஐயோ அக்கா, நான் கடையிலை தேங்காய் திருவிறதுக்கு வாங்கிறன்" என்று சிரித்தார். "உந்தச் சில்லுகள் எனக்கு வேண்டாம். வைச்சிருங்கோ."

ஓட்டோ போய்விட்டது. நான்கு கலன் தண்ணீருக்காகக் குழாயடியில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை, தேங்காய் திருவப் போகிற ஒருவரிடம் சொல்லிவிட்டு நான் படலையில் நின்றேன்.

இப்போது அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது. முற்றத்தைக் கடக்க நடுவில் ஒருமுறை நிற்கிறார். தலையைத் தாழ்த்திப் படுக்க முடியாததால் மூன்று தலையணை வைத்துப் படுக்கிறார். எங்கள் வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. திறந்தால் எந்த நேரமும் நல்ல தண்ணீர். வலை அறை பூட்டிக் கிடக்கிறது. மாதத்தின் முதல் செவ்வாய் கிளினிக்குக்குப் போகிறோம். பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் முன்னுக்கு நடக்கிறார், நான் பின்னுக்கு நடக்கிறேன். அவர் நிற்கிற இடத்தில் நானும் நிற்கிறேன்.